ஜூன் மாசத்துல பரத்பூர்: போகலாமா, வேண்டாமா?

மடையான்
வணக்கம் எல்லாருக்கும். வேலை மாற்றலாகி டெல்லிக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. ஜூன் மூணாவது வாரத்துல சனி, ஞாயிறோட வெள்ளியும் சேர்ந்து லீவு கிடைச்சிருக்கு. ராஜஸ்தான்ல இருக்கற பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்காவுக்கு ஒரு நடை போயிட்டு வரலாம்னு ஆசை. ஆனா ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் "டிசம்பர்ல போ, இப்ப அங்க புழுதிதான் இருக்கும்"ங்கறாங்க.

நான் இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும்தான். அங்கே ஜூன்ல போனா காஞ்ச ஏரியைத்தான் பார்க்கணும். அதே கதைதானா இங்கேயும்? போனவங்க இருந்தா சொல்லுங்க. பைனாகுலர் 8×42, கேமரா கிடையாது.

கேமராக்காரன்
நேரா சொல்றேன், வேண்டாம். ஜனவரியில ரெண்டு நாள்ல 140 இனம் பார்த்தேன். போன வருஷம் மே மாசம் போயி 60-ஐத் தாண்டல. பட்டைத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் எல்லாம் மார்ச் கடைசியிலயே வடக்கே கிளம்பிடும். வெயில் 45 டிகிரி. காலையில எட்டரைக்கு மேல எடுத்த படம் எதுவும் தேறல, கானல்ல எல்லாமே நெளிஞ்சு போச்சு. லீவை மிச்சம் பிடிச்சு டிசம்பர்ல போங்க.

தவிட்டுக்குருவி
45 டிகிரியில பறவையே வெளிய வராது. நாம மட்டும் போயி நிக்கணுமா?

சாம்பல்நாரை
வரும் தம்பி, வராம எங்கே போகும். அதுக்கு வீடே அதுதானே.

மடையான், நான் அந்தப் பக்கம் பதினோரு வருஷம் இருந்தவன். குளிர்காலத்தைவிடக் கோடையிலதான் அதிகம் போயிருக்கேன். உங்க கேள்வியில ஒரு சின்னத் திருத்தம். வேடந்தாங்கல் கணக்கை அப்படியே பரத்பூர்மேல போடாதீங்க. நம்ம ஏரிகளுக்குத் தண்ணி தர்றது வடகிழக்குப் பருவமழை. அதனால ஐப்பசி, கார்த்திகையில ஏரி நிறைஞ்சதும் நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டி, வெயில் ஏறுறதுக்குள்ள குஞ்சைப் பறக்க விட்டுட்டுப் போயிடும். பரத்பூர்ல தண்ணி தென்மேற்குப் பருவமழையில. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்துல மழை அங்கே எட்டும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் அதுக்கப்புறம்தான் கருவேல மரங்கள்ல கூட்டங்கூட்டமா கூடு வைக்கும். ஒரே நாரைதான், ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் வேற.

அப்போ ஜூன்ங்கறது என்ன? மழைக்கு முந்தின கடைசி இருபது நாள். தண்ணி ரொம்பக் கம்மி. மூணு, நாலு பள்ளத்துல மட்டும் தேங்கிக் கிடக்கும். அதுதான் விசேஷமே. 29 சதுர கிலோமீட்டர்ல பரவிக் கிடந்த நீர்ப்பறவையெல்லாம் அந்த நாலு குட்டையைச் சுத்தி நெருங்கி வந்துடும். குளிர்காலத்துல தூரத்துல ஒரு புள்ளியா தெரிஞ்ச கருங்கழுத்து நாரையை ஜூன்ல பாதையில உக்காந்தபடியே பார்த்திருக்கேன்.

குட்டை சுருங்கச் சுருங்க மீன் அடைபடும். சேத்துல ஆக்சிஜன் குறைஞ்சா மத்த மீனெல்லாம் வாயைத் திறந்துகிட்டு மேல வரும். விராலும் தேளியும் மட்டும் காத்தைக் குடிச்சுச் சமாளிக்கும். கொக்குக்கு ரெண்டுமே ஒண்ணுதான். ஒரு தடவை கேவலாதேவ் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, நம்ம வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும் அந்தச் சேறு. அதுல பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, வக்கா, செந்நாரை, மேல வட்டமடிக்கற பருந்து, ஓரத்துல ஒரு குள்ளநரி. ஒண்ணுக்கொண்ணு சண்டையே இல்ல. அவ்வளவு தீனி.

கேமராக்காரன்
அது சரி சார், ஆனா எண்ணிக்கைன்னு பார்த்தா குளிர்காலந்தானே?

சாம்பல்நாரை
எண்ணிக்கைன்னு பார்த்தா ஆமா. அந்த ஊருக்கு எண்ணிக்கை புதுசும் இல்ல. கோயில் பக்கத்துல கல்லுல ஒரு கணக்கு வெட்டி வெச்சிருக்கான், பார்த்திருப்பீங்க. 1938 நவம்பர்ல வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்போ ஒரே நாள்ல 4,273 பறவை சுட்டாங்கன்னு இருக்கும்.

தவிட்டுக்குருவி
யப்பா.

மடையான்
சாம்பல்நாரை சார், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். தண்ணி அங்கே தானா தேங்குதா, இல்ல திறந்து விடறாங்களா? ஒருத்தர் அது செயற்கை ஏரின்னாரு, இன்னொருத்தர் இயற்கைங்கறாரு.

சாம்பல்நாரை
ரெண்டும்தான். இயற்கையிலேயே பள்ளமான இடம். 18-ஆம் நூற்றாண்டுல மகாராஜா சூரஜ்மல் காலத்துல கம்பீர், பாணகங்கை ஆறுகளோட தண்ணியை மறிச்சு அஜான் அணைக்கரை போட்டாங்க. பின்னாடி வந்த ராஜாக்கள் வாத்து வேட்டைக்காக உள்ளே சின்னச் சின்ன வரப்பும் மதகும் போட்டுப் பாத்தி பாத்தியாப் பிரிச்சாங்க. நீங்க நடக்கப்போற பாதை பாதிக்குமேல அந்த வரப்புதான். மேல கரௌலி பக்கம் பாஞ்சனா அணை வந்தப்புறம் கம்பீர் ஆத்துத் தண்ணி ஒழுங்கா வர்றதில்ல. பூங்காவுக்கா, விவசாயத்துக்கான்னு சண்டை. இப்போ சம்பல் குழாய்த் தண்ணியும் கோவர்தன் வடிகால் தண்ணியும் விடறாங்க. 1981-லேயே ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்த இடம், 1985-ல உலகப் பாரம்பரியச் சின்னம். பேர் பெருசு, தண்ணிக்குக் கையேந்தற நிலைமை.

1982-ல எருமை மேய்ச்சலைத் தடுத்தாங்க. ஊர்க்காரங்க எதிர்த்துப் போராடினப்போ போலீஸ் சுட்டதுல உயிர் போச்சு. அப்புறம் பார்த்தா மேய ஆள் இல்லாம புல் மண்டி நீர்ப்பரப்பையே மூடிடுச்சு. எருமையும் அந்த ஈரநிலத்துல ஒரு அங்கம்னு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட ஆய்வு பிறகு சொல்லிச்சு. சரி, இது தனியா பேச வேண்டிய விஷயம், விடறேன்.

ஆட்காட்டி
கொஞ்சம் லேட்டா வந்துட்டேன். மடையான், தாராளமா போங்க. ஆனா பட்டியல் போடப் போகாதீங்க, ஏமாந்துடுவீங்க. ஜூன்ல பறவைங்க என்ன பண்ணுதுன்னு பார்க்கப் போங்க. குளிர்காலத்து வாத்து அங்கே விருந்தாளி. சாப்பிடும், தூங்கும், கிளம்பிடும். ஜூன்ல இருக்கறது வீட்டுக்காரங்க. ஜோடி சேர்றது, கூடு பார்க்கறது, முட்டையைக் காப்பாத்தறது, எல்லாம் இப்பதான்.

முக்கியமா வெயிலை எப்படிச் சமாளிக்குதுன்னு பாருங்க. நாரையோட காலை நல்லாக் கவனிங்க. சங்குவளை நாரைக்குக் கால் இளஞ்சிவப்பு. ஆனா வெயில்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாத் தெரியும். தன் காலுமேலேயே எச்சம் போட்டுக்கும். அந்த ஈரம் காயும்போது காலுல ஓடற ரத்தம் குளிரும், நம்ம மண்பானை மாதிரி. பறவைக்கு வேர்வைச் சுரப்பி கிடையாதே. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வாயைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடன்னு அடிக்கும். அதுவும் அதே வேலைதான், வாய்க்குள்ள இருக்கற ஈரத்தைக் காயவெச்சுச் சூட்டை இறக்கறது.

அப்புறம் என் பேர்ல இருக்கற ஆள். சிவப்புமூக்கு ஆட்காட்டி. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க.

தவிட்டுக்குருவி
அக்கா, ஆட்காட்டி நம்ம வயல்லயே கத்திக்கிட்டுத்தானே இருக்கு? அதைப் பார்க்க ராஜஸ்தான் போகணுமா?

ஆட்காட்டி
கத்தறதைத்தான் கேட்டிருக்கே. அது தண்ணி சுமக்கறதைப் பார்த்திருக்கியா?

மடையான்
தண்ணி சுமக்குமா?!

ஆட்காட்டி
சரி, சொல்லிடறேன். அது வெறுந்தரையில, சரளைக்கல்லுக்கு நடுவுல முட்டை வைக்கும். பெரும்பாலும் நாலு. கல்லோட கல்லா இருக்கும், காலை வெக்கற வரைக்கும் தெரியாது. மே, ஜூன்ல அந்தத் தரையில வெறுங்காலை வெக்க முடியாது. காத்தே அதோட உடம்புச் சூட்டுக்கு மேல போயிடும், தரை அதுக்கும் மேல. அந்த நேரத்துல 'அடைகாக்கறது'ன்னா சூடேத்தறது இல்ல, முட்டையை வெந்து போகாம காக்கறது. முட்டைமேல நின்னுக்கிட்டு நிழல் கொடுக்கும். அது பத்தலைன்னா பக்கத்துக் குட்டைக்குப் போயி, வயித்தைத் தண்ணியில அழுத்தி, முன்னும் பின்னும் ஆடி, இறகை நல்லா ஊறவெச்சுக்கிட்டு சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைமேல உக்காரும். குஞ்சு பொரிச்சப்புறமும் அப்படித்தான் செய்யும்.

கேமராக்காரன்
இது செம ஷாட்டா இருக்குமே! போன மே மாசம் பாதையோரம் ஒரு ஆட்காட்டிக் கூடு பார்த்தேன். பத்தடி தூரத்துல படுத்து எடுத்தேன், ஆனா அது கூட்டுக்கு வரவே இல்ல. சுத்திச் சுத்திக் கத்துச்சு, சிறகு ஒடிஞ்ச மாதிரி நடிச்சுது. அரை மணி நேரம் பார்த்துட்டுக் கிளம்பிட்டேன்.

ஆட்காட்டி
அது எத்தனை மணிக்கு?

கேமராக்காரன்
ஒரு பத்து இருக்கும். ஏன்?

ஆட்காட்டி
அந்த அரை மணி நேரம் முட்டைமேல நேரா வெயில் பட்டுச்சு. அதான் கேட்டேன். நீங்க கூட்டைத் தொடல, எதையும் மிதிக்கல, எல்லாம் சரி. தாய் திரும்பி வராததுக்கு நீங்க அங்கே படுத்திருந்ததுதான் காரணம். குளிர் ஊர்ல பறவை எழுந்து போனா முட்டை ஆறிப்போகும்னு பயம். இங்கே முட்டை வெந்துடும்.

கேமராக்காரன்
ஆனா அது பாதையோரத்துலதானே கூடு வெச்சிருந்துச்சு? நாள் முழுக்க ரிக்‌ஷா போகுது, சைக்கிள் போகுது, அதுக்கெல்லாம் எழுந்திரிக்கவே இல்ல. என்னை மட்டும் குத்தம் சொன்னா எப்படி.

ஆட்காட்டி
நியாயமான கேள்வி. போற வர்ற ஆளை அது கணக்குல எடுத்துக்காது. நின்னு, குனிஞ்சு, தன்னையே உத்துப் பார்க்கற ஆளைத்தான் எடுத்துக்கும். கொன்றுதின்னி அப்படித்தானே வரும். ரிக்‌ஷாவிலேயே உக்காந்து, அதை நிறுத்தி எடுங்க. அதுக்கு ரிக்‌ஷாவும் மாடும் ஒண்ணுதான்.

சாம்பல்நாரை
அந்த ரிக்‌ஷாக்காரங்களைப் பத்தி ஒரு வார்த்தை. பார்வையாளர் வண்டியை ஒரு எல்லைக்கு மேல உள்ளே விட மாட்டாங்க. அப்புறம் நடை, சைக்கிள், இல்ல ரிக்‌ஷாதான். அவங்க பறவை பார்க்கப் பயிற்சி எடுத்தவங்க. சில பேருக்கு நம்ம யாரையும்விடக் கண்ணு கூர்மை. நவம்பர்ல வரிசையில நின்னு அவசர அவசரமா ஓட்டுவாங்க. ஜூன்ல வர்றது ரெண்டு பேர், மூணு பேர். ஆற அமரப் பேசுவாங்க. நான் கத்துக்கிட்டதுல பாதி அப்படி வந்ததுதான்.

கேமராக்காரன்
சரிக்கா, ஒத்துக்கறேன். இதையும் சொல்லிடறேன், மடையானுக்கு உபயோகப்படும். அன்னிக்கே எனக்கு வெயில் அடிச்சிடுச்சு. மூணு கிலோ லென்ஸ், ஒரே ஒரு லிட்டர் தண்ணி. பத்தரைக்கு மேல தலைவலி, அப்புறம் வேர்வையே நின்னு போச்சு. நான் என்னடான்னா 'பரவாயில்ல, பழகிடுச்சு'ன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்! ரிக்‌ஷாக்காரர்தான் முகத்தைப் பார்த்துட்டு நிழல்ல படுக்கவெச்சு, தலையில தண்ணி ஊத்தி, வெளிய கொண்டுபோய்ச் சேர்த்தார். வேர்வை நின்னா அது நல்ல அறிகுறி இல்லன்னு ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க.

சாம்பல்நாரை
இதை முன்னாடியே சொல்லியிருக்கணும் நீங்க. மடையான், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கழுத்துக்கு ஈரத்துண்டு. வாசல் திறந்ததும் உள்ளே போங்க, ஒன்பதுக்கு வெளிய வந்துடுங்க. சாயங்காலம் நாலரைக்கு மேல மறுபடியும். நடுவுல தூங்குங்க, பறவையும் அதைத்தான் செய்யும். புழுதிக்காத்து கிளம்பினா மரத்தடியில நிக்காதீங்க.

ஆட்காட்டி
இன்னும் ரெண்டு விஷயம். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீங்க. கூடு கட்டற காலத்துல அது எதிரி வந்துட்டான்னு நெனச்சுச் சாப்பாட்டை விட்டுட்டு அலையும். பறவைப் பதிவு போடற இணையதளமான இ-பேர்ட்ல பதிவு போட்டா காக்கா, மைனா உட்படப் பார்த்த எல்லாத்தையும் முழுப் பட்டியலா போடுங்க. கூட்டுக்குக் குச்சி கொண்டு போச்சா, குஞ்சுக்கு ஊட்டுச்சான்னு குறிக்க அதுலயே இனப்பெருக்கக் குறியீடு இருக்கு. 140 இனத்துப் பட்டியலைவிட அந்த ஒரு குறியீடு எனக்குப் பெருசு. ஜனவரிப் பட்டியல்ல அது அவ்வளவா வராது.

தவிட்டுக்குருவி
அக்கா கேமராக்காரனைத்தான் குத்தறாங்க.

ஆட்காட்டி
பொதுவாத்தான் சொன்னேன் 🙂

*(எட்டு நாள் கழிச்சு)*

மடையான்
போயிட்டு வந்துட்டேன்! ரெண்டரை நாள். மொத்தம் 57 இனம். தோல் உரிஞ்சு போச்சு, ஆனா சொல்ல நிறைய இருக்கு.

முதல் நாள் காலையில கண்ணுல பட்டது தூசிதான். புல் முழுக்கக் காஞ்ச பழுப்பு. தப்பு பண்ணிட்டோமோன்னு நெனச்சேன். கோயில் தாண்டினதும் ரிக்‌ஷாக்காரர் பிரேக்கைப் பிடிச்சு உதட்டுல விரலை வெச்சார். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சாரசக் கொக்கு ஜோடி. என் உயரம் இருக்கும் போல. ரெண்டும் தலையை மேல தூக்கி, ஒண்ணு ஆரம்பிக்க இன்னொண்ணு முடிக்கற மாதிரி கூப்பிட்டுச்சு. பைனாகுலரைத் தூக்கணும்னே தோணல. மழை வந்து வயல்ல தண்ணி நின்னதும் புல்லையும் நாணலையும் குவிச்சுக் கூடு கட்டும்னார்.

அப்புறம் ஒரு அடையாளச் சந்தேகம், உதவுங்க. குட்டை ஓரத்துல ஒரு சின்னக் கொக்கு. முதுகு பூரா கருஞ்சிவப்பு, மெரூன்னே சொல்லலாம். கழுத்தும் தலையும் மங்கின மஞ்சள். பின்னந்தலையில நீளமா வெள்ளை முடி ரெண்டு மூணு. ஏதோ அபூர்வமான குருகுன்னு நெனச்சேன். ரிக்‌ஷாக்காரர் இந்தியில ஏதோ பேர் சொன்னார், புரியல.

சாம்பல்நாரை
பறந்தப்போ என்ன ஆச்சு?

மடையான்
அதான் ஆச்சரியம். பறந்ததும் வெள்ளையா மாறிடுச்சு. சிறகு முழுக்க வெள்ளை.

சாம்பல்நாரை
உங்க பேர் என்ன?

மடையான்
புரியலையே சார்?

தவிட்டுக்குருவி
😂😂😂

ஆட்காட்டி
மடையான், நீங்க பார்த்தது மடையானை!

மடையான்
ஐயோ. பழுப்புக்கோடு போட்ட, சேறு நிறத்துல நிக்குமே, அதுவா? நான் பத்து வருஷமா பார்க்கறதா?

ஆட்காட்டி
அதேதான். நீங்க பார்த்தது கல்யாண உடுப்பு. இனப்பெருக்கக் காலத்துல முதுகு அப்படி மாறும், சில நாள் காலும் சிவந்துடும். உண்ணிக்கொக்கையும் பார்த்திருப்பீங்களே, தலை, மார்பெல்லாம் ஆரஞ்சுப் பொடி கொட்டின மாதிரி? இந்த உடுப்பைப் பார்க்கத்தான் கோடையில போகணும்னேன்.

மடையான்
உண்ணிக்கொக்கு பார்த்தேன். பேரை மாத்திக்கலாமான்னு யோசிக்கறேன்.

மூணாவது நாள் காலை. ஆட்காட்டி அக்கா, உங்களுக்காகவே வெச்சிருந்தேன். பாதையிலிருந்து இருபதடி தள்ளிக் கூடு. ரிக்‌ஷாவை விட்டு இறங்கல. ஏழே முக்கால் வரைக்கும் ஒண்ணு சும்மா உக்காந்திருந்துச்சு. அப்புறம் எழுந்து, முட்டைக்கு மேல காலை விரிச்சு நின்னுச்சு. அதோட நிழல் சரியா முட்டைமேல. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமா திரும்புது. எட்டு பத்துக்கு ஜோடி வந்துச்சு. வயித்துப் பக்கம் இறகு ஒட்டிப்போயி, சேறு கலந்த தண்ணி சொட்டுது. முதல்ல நின்னது நகர்ந்துச்சு. வந்தது முட்டைமேல மெதுவா இறங்கி, உடம்பை இப்படியும் அப்படியும் அசைச்சு உக்காந்துச்சு. நகர்ந்தது நேரா குட்டைக்கு நடந்துச்சு. பறக்கல, நடந்தேதான் போச்சு. ஒன்பது மணிக்குள்ள நாலு தடவை மாறுச்சு. நான் எண்ணினது அதை மட்டுந்தான்.

ஆட்காட்டி
நான் இத்தனை வருஷத்துல மாற்றிக்கறதை முழுசா பார்த்தது மூணு தடவைதான். பதிவுல நேரத்தோட எழுதிப் போடுங்க, ப்ளீஸ்.

மடையான்
போட்டாச்சு. கடைசியா ஒண்ணு. கிளம்பற அன்னிக்குச் சாயங்காலம் வாசல் பக்கத்துல கருவேல மரத்து உச்சியில கறுப்பு வெள்ளையா, கொண்டையோட ஒரு குயில். வால் நீளம், சிறகுல வெள்ளைத் திட்டு. 'பியூ, பியூ'ன்னு விடாம கத்துச்சு. ரிக்‌ஷாக்காரர் வானத்தைப் பார்த்துச் சிரிச்சார்.

சாம்பல்நாரை
சுடலைக்குயில். நம்ம பழைய பாட்டுல வர்ற சாதகப்புள்னு இதைத்தான் சொல்றாங்க, மழைத்துளியை மட்டும் குடிக்குமாம். நம்ம தெற்கே வருஷம் முழுக்க இருக்கறதால நாம பெருசா கண்டுக்க மாட்டோம். வடக்கே வர்றது ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிப் பருவக்காத்தோட வரும். வந்து, மழையில தவிட்டுக்குருவி கூடு கட்டறப்போ அதுல தன் முட்டையை வெச்சிட்டுப் போயிடும்.

தவிட்டுக்குருவி
கடைசியில என் தலையிலயா?

கேமராக்காரன்
57 இனம்னு எழுதினதைப் பார்த்துச் சிரிக்கலாம்னுதான் வந்தேன். ஆட்காட்டி மாறின கதையைப் படிச்சதும் கை அரிக்குது. அந்தக் கூடு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க.

ஆட்காட்டி
சொல்லாதீங்க மடையான்.

மடையான்
சொல்ல மாட்டேன் 🙂 செப்டம்பர்ல வந்தா நாரைக் கூடு மரத்துக்கு மரம் இருக்கும், படகுல போகலாம்னார் ரிக்‌ஷாக்காரர். ரெண்டாவது வாரம் போறதா இருக்கேன். கேமராக்காரரே, வர்றீங்களா?

கேமராக்காரன்
டிக்கெட் போடுங்க. இந்தத் தடவை நாலு லிட்டர் தண்ணி.